இரண்டு ஈயத்துளி

ஹார்ட்டன் குடா, மெய்ன்
செப்டம்பர் 12, 1909

அன்புத் தம்பி ஆல்டனுக்கு,

அக்கா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே மூன்று பேரும் சுகம். என் முழங்கால் மட்டும் குளிர் வரப்போகிறது என்று இப்போதே முனக ஆரம்பித்துவிட்டது. உனக்கு அந்த ஒஹையோ வெயில் ஒத்துக்கொள்கிறதா?

அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். ஜனங்கள் சாப்பிடுகிற பண்டத்தை எல்லாம் சோதித்துப் பார்க்கிற ஆபீசாமே. சின்ன வயதில் நான் கிண்டி வைக்கிற கூழையே முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாய். உத்தியோகம் அப்போதே ஆரம்பித்துவிட்டது, சம்பளம் இப்போதுதான் வருகிறது.

இந்த வருஷம் மத்திக்குக் குறைவில்லை. ஆலைச் சங்கு எந்த நேரம் ஊதுகிறதோ அந்த நேரம் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். ஆகஸ்டில் மூடுபனியால் படகுகள் கரைக்கு வர வெகுநேரமானது, மீனும் சூடேறிப் போயிருந்தது. முதலாளி பிராங்லி அதையும் டின்னில் அடைக்கச் சொன்னார். பத்து நாளில் டின்கள் தவளை வயிறு மாதிரி உப்பிக்கொண்டன. அப்புறம் உன் அத்தானுக்குத்தான் வேலை. ஊசியால் குத்திக் காற்றை வெளியே விட்டு, மறுபடியும் கொதிநீரில் போட்டெடுத்து, ஓட்டையை ஈயத்தால் அடைக்க வேண்டும். நல்ல டின்னுக்கு மூடியில் ஒரு ஈயத்துளி, இதற்கு இரண்டு. மீன் அரிகிற பெண்கள் இதற்கு 'மறுகல்யாணம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். நேற்று ஒருத்தி ஒரு டின்னைத் தூக்கிக் காட்டி, "ஏய் தர்சா, ஒன் புருஷன் இன்னைக்கு மட்டும் எத்தன விதவைக்கு மோதிரம் போட்டுட்டான் பாரு!" என்றாள். கொட்டகையே சிரித்தது. அத்தான் அரத்தால் தேய்த்துவிட்டால் அந்த இரண்டாவது துளி விவரம் தெரியாதவர் கண்ணில் படாது. அவ்வளவு சுத்தமான கை.

வெஸ்டாவுக்கு ஏழு முடிந்து முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. மாமா ஊருக்கு நடந்தே போய்விடலாமா என்று கேட்கிறாள். முத்தம் அனுப்பியிருக்கிறாள், பத்திரமாக எடுத்துக்கொள்.

உன் அக்கா,
தர்சா

சின்சினாட்டி, ஒஹையோ
செப்டம்பர் 26, 1909

அன்புள்ள அக்காவுக்கு,

ஆல்டன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் தடவிக் கம்பளி சுற்றிக்கொள், வைராக்கியம் வேண்டாம்.

என் உத்தியோகத்தைப் பெரிதாக நினைத்துவிடாதே. பெட்டியை உடைப்பது, டின்னைத் திறப்பது, சீட்டு ஒட்டி வரிசையில் வைப்பது, இவ்வளவுதான். அதைச் சோதிப்பவர் ஸ்ட்ராட் என்கிற ரசாயனக்காரர். அவருக்குச் சிரிக்கத் தெரியாது. நான் முகர்ந்து பார்த்தால் மட்டும், "அது மூக்கோட வேலை இல்ல தம்பி, என்னோட வேலை" என்பார்.

வெஸ்டாவிடம் சொல். இங்கே ஊரை ஒட்டி ஒரு பெரிய ஆறு, அதன்மேல் ஒரு தொங்கு பாலம். பாலத்தில் ஏறிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஓரிடத்தில் ஒஹையோ முடிந்து கென்டக்கி ஆரம்பிக்கிறது. வேறு மாநிலம். அவள் வந்தால் ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்து நிற்கலாம். எங்கள் சட்டமும் அந்தக் கோட்டை வைத்துத்தான் இருக்கிறது. கெட்ட பண்டம் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்பனைக்கு வந்தால்தான் நாங்கள் கை வைக்க முடியும். செய்த ஊரிலேயே விற்றால் எங்கள் சட்டம் அங்கே எட்டாது.

அத்தானுக்கு என் வணக்கம். வெஸ்டாவின் முத்தம் கசங்காமல் வந்து சேர்ந்தது.

உன் தம்பி,
ஆல்டன்

ஹார்ட்டன் குடா
அக்டோபர் 10, 1909

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் தைலம் வேலை செய்கிறது, ஆனால் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள்.

அந்தப் பாலத்தை எழுதி என் உயிரை வாங்கிவிட்டாய். "அம்மா, அந்தக் கோட்ட யாரு போட்டாங்க? தண்ணிக்குள்ளயும் இருக்குமா? மீனு தாண்டுனா அதையும் புடிப்பாங்களா?" என்று வெஸ்டா நாள் முழுக்கக் கேட்கிறாள். சமையலறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்து, ஒரு கால் ஒஹையோ, ஒரு கால் கென்டக்கி என்று நிற்கிறாள். வீட்டைத் துடைக்க விடுவதில்லை.

ஒரு சந்தோஷச் செய்தி. பிராங்லி போன வாரம் ஒரு பெரிய சரக்கு ஏற்றினார். எங்கே தெரியுமா? உன் ஊருக்குத்தான்! கடையில் டின் வாங்கினால் திருப்பிப் பார். இரண்டு துளி இருந்தால் அது உன் அத்தான் கை. இரண்டு தரம் வெந்த மீன், இன்னும் ருசியாக இருக்கும் என்று சொல்லச் சொன்னார்.

குளிருக்கு முன்னால் மூன்று வாரக் கூலி வந்தால் வெஸ்டாவுக்குப் பூட்ஸ் வாங்க வேண்டும். அவள் முத்தம் இந்தக் கடிதத்தின் மூலையில் இருக்கிறது, கொஞ்சம் வெல்லப்பாகும் ஒட்டியிருக்கும்.

உன் அக்கா,
தர்சா

சின்சினாட்டி
நவம்பர் 7, 1909

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். வேலை அதிகம்.

இந்தக் குளிர்காலத்தில் டின் மீன் வேண்டாம், அக்கா. உப்புக் கருவாடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெஸ்டா வளர்கிற பிள்ளை, பால் கொடு.

படகு கட்டுகிற இடத்தில் ஆள் எடுக்கிறார்களா என்று அத்தான் விசாரித்துப் பார்த்தால் நல்லது.

வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி,
ஆல்டன்

ஹார்ட்டன் குடா
நவம்பர் 15, 1909

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

பெரிய மனுஷனாகிவிட்டாய். டின் மீன் வேண்டாமாம், பால் கொடுக்க வேண்டுமாம்! நீயும் நானும் எதைத் தின்று வளர்ந்தோம்? அம்மா போன பிறகு உனக்கு ஊட்டிய ஒவ்வொரு கவளமும் அந்த ஆலையிலிருந்துதான் வந்தது.

உனக்குத் தெரியாமல் இருக்காது. பிராங்லியின் சரக்கு முழுவதையும் உன் ஊரில் அரசாங்கம் பறிமுதல் செய்துவிட்டதாம். அழுகின மீனாம். பிராங்லி வந்து சொன்னதும் பாதிப் பேர் அழுதார்கள். ஆலையை மூடிவிட்டார். வரவேண்டிய மூன்று வாரக் கூலியில் காசாகக் கொடுத்தது கொஞ்சம், மீதிக்கு டின்களாக எடுத்துப் போங்கள் என்றார். அத்தான் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து இறக்கினார். பூட்ஸ் அடுத்த வருஷம்தான்.

உன் ஆபீசில் இதைச் செய்தவன் யார்? அவனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாதா? ஒரு வார்த்தை கேட்டு எழுது.

வெஸ்டா சுகம்.

அக்கா,
தர்சா

சின்சினாட்டி
நவம்பர் 22, 1909

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இத்துடன் எட்டு டாலர் அனுப்பியிருக்கிறேன், வெஸ்டாவுக்குப் பூட்ஸ் வாங்கு. மாதாமாதம் அனுப்புகிறேன்.

அந்த டின்களைத் தொடாதீர்கள். காரணம் இப்போது கேட்காதே. டிசம்பர் முதல் வாரம் கோர்ட்டில் விசாரணை. அதுவரை ஆலை சம்பந்தப்பட்ட யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று ஆபீசில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பேசினேன் என்று தெரிந்தால் வேலை போய்விடும். விசாரணை முடிந்ததும் எல்லாம் எழுதுகிறேன். அதுவரை நான் சொன்னதற்காகச் செய்.

யார் செய்தது என்று கேட்டாய். அதையும் எழுதுகிறேன்.

உன் தம்பி,
ஆல்டன்

ஹார்ட்டன் குடா
டிசம்பர் 12, 1909, ஞாயிறு

ஆல்டனுக்கு,

நீ எழுத வேண்டாம், தெரிந்துவிட்டது. பிராங்லி கோர்ட்டிலிருந்து நேற்று வந்து சேர்ந்தார். எல்லோரையும் ஊர்க் கூட்டத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார். கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னது நீதானாம். ஒரு டின்னைக் கையில் எடுத்து, "ரெண்டு துளி இருந்தா ஒரு தடவ உப்புனதுன்னு அர்த்தம், ஆலைக்காரங்களுக்கு அது நல்லாவே தெரியும்" என்று ஜட்ஜுக்குக் காட்டினாயாம். சரக்கை எல்லாம் சூளையில் போட்டு எரித்துவிட்டார்களாம். "இந்த வெவரம் எவ வீட்ல இருந்து போச்சுன்னு ஒங்களுக்கே தெரியும்" என்று பிராங்லி சொன்னபோது யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலை.

நான் சிரிப்புக்கு எழுதினதை நீ சாட்சிக்கு எடுத்துக்கொண்டாய்.

இன்று கோயில் முடிந்து வந்ததும் அத்தான் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, மேசைமேல் டின்களை அடுக்கினார். எல்லாம் இரண்டு துளி போட்டவை. கூலிக்குப் பதில் டின் கொடுத்த அன்றைக்கே தேடித் தேடி அவற்றைத்தான் எடுத்து வந்திருக்கிறார். அவர் கைபட்டது, இரண்டு தரம் வெந்தது என்கிற நம்பிக்கை. "வெஷம்னு கோர்ட்ல சொன்னானாமே ஒன் தம்பி! நான் அடச்சத என் வீட்டு மேசையிலயே வெச்சுத் தின்னு காட்டுறேன். நாலு பேரு பாக்கட்டும்" என்றார். சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன், வெஸ்டாவும் சாப்பிட்டாள். யாருக்கும் ஒரு ஏப்பம்கூட வரவில்லை.

உன் எட்டு டாலரை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

தர்சா

சின்சினாட்டி
டிசம்பர் 17, 1909

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. திட்டு, அடி, பிறகு கேட்கிறேன். முதலில் இதைப் படி. அத்தானுக்கும் படித்துக் காட்டு.

ஒரு டின் நன்றாக இருந்தது என்பதால் அடுத்த டின்னும் நன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பத்து டின் திறந்தால் ஒன்பதில் வெறும் கெட்ட மீன், வயிற்றைக் கலக்குவதோடு போய்விடும். பத்தாவதில் வேறு ஒன்று இருக்கிறது. அதற்குச் சில சமயம் வாடையே கிடையாது. கொதிநீரில் எத்தனை தரம் போட்டாலும் அதன் வித்து சாவதில்லை என்கிறார் ஸ்ட்ராட். காற்றை வெளியே விட்டால் டின் அமுங்கும், உள்ளே இருப்பது அமுங்காது. சோதனைக்கு அந்தச் சாற்றைக் கொடுத்த முயல்கள் இரண்டு நாளில் தலை தொங்கிச் செத்துப்போயின. என் கண்ணால் பார்த்தேன்.

இதை நவம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். வேலைக்குப் பயந்தேன். நீ எழுதினதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன் என்று உன்னிடம் சொல்லவும் வெட்கப்பட்டேன்.

எல்லாவற்றையும் கடலில் கொட்டிவிடுங்கள். ஒரு வரி எழுது. எல்லோரும் சுகமா?

ஆல்டன்

சின்சினாட்டி
ஜனவரி 16, 1910

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கோபம் நியாயம்தான். கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பொட்டலம் வந்ததா? சிவப்பு ரிப்பன் வெஸ்டாவுக்கு. கூட ஒரு பட அட்டை வைத்திருந்தேன், அந்தப் பாலத்தின் படம். கோடு இருக்கும் இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன்.

எழுத மனமில்லை என்றால் அவளையாவது எழுதச் சொல். அவளுக்குத்தான் எழுதத் தெரியுமே, பேர் மட்டும் எழுதினால்கூடப் போதும்.

உன் தம்பி,
ஆல்டன்

ஹார்ட்டன் குடா
பிப்ரவரி 20, 1910

ஆல்டனுக்கு,

நானும் அத்தானும் இருக்கிறோம். பனி ஜன்னல்வரை ஏறிவிட்டது. உன் டிசம்பர் கடிதம் வந்தது. பொட்டலமும் வந்தது. ரிப்பன் நல்ல நிறம்.

ஒரு விஷயம் தெரிய வேண்டும். பிராங்லி மிச்சமிருந்த சரக்கைத் தன் கடையிலேயே அரை விலைக்கு விற்கிறார். ஏழைபாழைகள் வாங்கிப் போகிறார்கள். சொல்லிப் பார்த்தேன். "ஒன் தம்பி பேச்சு இங்க எடுபடாது" என்கிறார்கள். நம் ஷெரிபிடமும் போனேன். இங்கே செய்து இங்கேயே விற்பதைக் கேட்கத் தனக்கு அதிகாரமில்லை என்கிறார். கோட்டைத் தாண்டினால்தான் உங்கள் சட்டம் பிடிக்கும் என்று நீ எழுதியிருந்தாய். அப்படியென்றால் என்னென்ன இருக்க வேண்டும்? விவரமாக எழுது.

தர்சா

சின்சினாட்டி
பிப்ரவரி 26, 1910

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உயிர் வந்தது.

நீ கேட்டதற்குப் பதில்: பண்டம் மாநிலக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். விற்பனைச் சரக்காக இருக்க வேண்டும். அனுப்பியவர் யார் என்று தெரிய வேண்டும், அவர்மேல்தான் வழக்கு. மெய்னுக்குள்ளேயே விற்பதை நாங்கள் கேட்க முடியாது. ஸ்ட்ராட்டிடமும் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். அவர் என்ன செய்வார்?

அக்கா, உன் கடிதத்தில் வெஸ்டா பேர் இல்லை. மறந்துவிட்டாயா? இரண்டு தரம் தேடிப் பார்த்தேன். மூலையில் முத்தமும் இல்லை. அவள் எப்படி இருக்கிறாள்? அதை மட்டும் எழுது.

உன் தம்பி,
ஆல்டன்

ஹார்ட்டன் குடா
ஏப்ரல் 30, 1910

ஆல்டனுக்கு,

மறக்கவில்லை.

உனக்குத் தெரியும், இங்கே நிலம் உறைந்து கல்லாகிவிடுவதால் டிசம்பரில் இறந்தவர்களுக்கு மண் கிடைக்காது. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கல் அறையில் பெட்டியோடு வைத்துப் பூட்டிவிடுவார்கள், நிலம் இளகும்வரை. வெஸ்டா நான்கு மாதம் அங்கே இருந்தாள். ஞாயிறுதோறும் போய்க் கதவைத் தொட்டுவிட்டு வருவேன். பூட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளை இருக்கும்போது, அவள் போய்விட்டாள் என்று எப்படி எழுதுவது? எழுத வரவில்லை. நேற்றுதான் மண்வெட்டி இறங்கியது. புதைத்துவிட்டோம். இப்போது எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட டின்கள் ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ரொட்டியில் வைத்துக் கொடுக்க இன்னொன்று திறந்தேன். நான்தான் திறந்தேன். செவ்வாய்க்கிழமை, "அம்மா, வெளக்கு ரெண்டு ரெண்டாத் தெரியுதும்மா" என்றாள். பள்ளிக்கு மட்டம் போடப் பார்க்கிறாயா என்று சிரித்தேன். மறுநாள் கண் இமை தூக்க முடியவில்லை. தண்ணீர் கொடுத்தால் மூக்கு வழியாக வந்தது. டாக்டர் பனியில் வண்டி ஓட்டி வந்து பார்த்தார், மீன் விஷம் என்றார், தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் போய்விட்டாள். கடைசிவரை நினைவு இருந்தது, பேச்சுத்தான் வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

நீ எல்லாவற்றையும் விளக்கி எழுதினாயே, அது அவளைக் கல் அறையில் வைத்துவிட்டு வந்த மறுநாள் வந்தது. நல்ல கடிதம், ஆல்டன். ஒவ்வொரு வார்த்தையும் சரி. அதை நவம்பரில் எழுதியிருந்தால் உன் வேலை போயிருக்கும், அவ்வளவுதானே. உன்னைத் திட்ட நாள் முழுக்க யோசித்தேன். ஆனால் நவம்பரில் நீ தொடாதே என்று சொன்னாய், ரோஷத்தில் நான் தொட்டேன். அதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அத்தான் டின்னுக்கு ஈயம் வைக்கிற கோலைக் கிணற்றில் போட்டுவிட்டார். யாராவது பேசினால் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் இருந்த டின்களை எல்லாம் கடலில் கொட்டினார். ஒன்றை மட்டும் நான் எடுத்து ஒளித்து வைத்தேன்.

அதைத்தான் இத்துடன் தபாலில் அனுப்புகிறேன். திறக்காதே, ஸ்ட்ராட்டிடம் கொடு. மூடியில் இரண்டு துளி இருக்கிறது, பார். நீ இதைப் படிக்கும்போது அது எத்தனையோ கோடுகளைத் தாண்டியிருக்கும். விற்பனைச் சரக்காக இருக்க வேண்டும் என்றாய். எனக்கு ஐந்து சென்ட் அனுப்பிவிடு, விற்றதாகட்டும். அனுப்பியவர் பேர் வேண்டும் என்றாய். மேல்தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

அனுப்பியவர்மேல் வழக்கு வரும் அல்லவா? வரட்டும். கோர்ட்டுக்குக் கூப்பிடுவார்கள், வருவேன். இந்த டின் எங்கிருந்து வந்தது என்று ஜட்ஜ் கேட்பார். கேட்டால் எல்லாவற்றையும் சொல்வேன். யார் கூலிக்குப் பதிலாகக் கொடுத்தார், யார் கடையில் இன்னும் அடுக்கி வைத்திருக்கிறார், இதைத் திறந்து பிள்ளைக்குக் கொடுத்தது யார், எல்லாம். இந்த ஊரில் யாரும் கேட்காததை அங்கே ஒருவராவது எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

வழக்குப் போட மாட்டோம், துக்கத்தில் இருக்கிற பெண் என்று உன் ஆபீசில் இரக்கப்பட்டால், அது எனக்கு வேண்டாம் என்று சொல்.

வரும்போது அந்தப் பாலத்துக்குக் கூட்டிப் போ. நீ பென்சிலால் குறித்த இடத்தைக் காட்டு. சமையலறைத் தரையில் அவள் கிழித்த கோடு இன்னும் இருக்கிறது, நான் துடைக்கவில்லை.

அனுப்பியவர்,
தர்சா ஹக்கின்ஸ்,
ஹார்ட்டன் குடா, மெய்ன்